சாயவேரும் தமிழ்நாட்டுச் செவ்வாடையும்

ஆடையின் சிறப்பு நூலின் நுண்மையால் அமைவது என்பர். பாம்பின் உரியையும் புகையையும் ஆவியையும் துகிலுக்கு உவமையாக்கிய சங்கச் செய்யுட்கள் இக்கருத்துக்கு அரணாக நிற்கின்றன. ஆயினும், சோழமண்டலக் கடற்கரைத் துணியைப் பிறநாட்டார் விரும்பி அணிந்தமைக்கு நூலினும் நிறமே பெருங்காரணம் என்பது எம் துணிபு. அந்நிறங்களுள் சிவப்பு ஒன்றனையே ஈண்டு ஆராய்வாம்.

குறுந்தொகையின் கடவுள் வாழ்த்து முருகன் உடையைக் குன்றிமணியின் செம்மையொடு ஒப்பிடுகின்றது. முல்லைப்பாட்டோ காவிக்கல்லில் தோய்த்த ஆடையுடுத்த முக்கோல் அந்தணனை ஓர் உவமையிற் காட்டுகின்றது. இரண்டும் சிவப்பே, எனினும் ஒருதன்மையன அல்ல. காவி மண்ணாதலின் இழையின் மேற்பரப்பிற் படிந்து நிற்கும். துவைக்கத் துவைக்கக் குறையும். பருத்தியிழையொடு பிணைந்து நீங்காது நிற்கும் சிவப்பை ஆக்குதல் வேறொரு தொழில். ‘துவர்’ என்னும் சொல் செந்நிறத்தையும் துவர்ப்புச் சுவையையும் ஒருங்கே குறித்தல் இவ்விடத்து நினையத்தக்கது. துவர்ப்புடைய கடுக்காயின்றிச் சாயக்காரர் அச்சிவப்பைப் பெற்றிலர். சொல்லாராய்ச்சியாளர் சாயத்தொட்டியின் பக்கமும் சற்றே சென்று வருதல் நன்று.

அச்சிவப்பைத் தந்தது சாயவேர். இம்பூறல் எனப்படும் சிறு செடியின் மெல்லிய வேர் அது. கடலோர மணலிலே நீண்டு வளர்வது. கிளிஞ்சற் சுண்ணம் கலந்த நிலத்து வேரே சிறந்த சிவப்பைத் தரும் என மதிக்கப்பெற்றது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் இவ்வேர் அகழ்தலைத் தம் ஆட்சிக்குரிய வருவாயாகவே வைத்திருந்தனர்.

தொழில்முறை பொறுமை வேண்டுவது. வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் கோட்டைக் கடந்து பரவாமற் காக்கும். பின்னர்ச் சிவக்க வேண்டும் இடங்களிற் படிகார நீரால் எழுதுவர். துணியைச் சாயவேர் நீரிலிட்டுக் காய்ச்சுங்கால், படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவப்பைப் பற்றிக்கொள்ளும். ஏனைய இடம் சாணநீரிலும் வெயிலிலும் மீண்டும் வெளுக்கும். ஆகவே, எழுதுகின்றவன் கையிலுள்ள நீர் சாயமன்று. சாயத்தைப் பிணிக்கும் பொருளே. இவ்வுண்மையை அறியாதார் இத்தொழிலை வண்ணம் பூசுதலாக எண்ணி மயங்குவர்.

ஐரோப்பியப் பெண்டிர் துவைத்தும் மங்காத இப்பூந்துணியை ஆடையாக்கிக் கொண்டபோது அந்நாட்டு நெசவாளர் கலங்கினர். பிரான்சு 1686 முதல் 1759 வரை இவ்வகைத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700-இலும் 1721-இலும் தடைச் சட்டங்களை இயற்றியது. தடை நிலவிய காலத்திலேயே, 1742-இல், கேர்து என்னும் இயேசு சபைத் துறவி இத்தொழில்முறையைப் படிப்படியாக விரித்துத் தம் நாட்டுக்கு மடல் எழுதினார். கடுக்காய்க்குத் தமிழ்ப்பெயரையே பிரெஞ்சு எழுத்திற் பெயர்த்து அவர் வழங்குகின்றார். நம் நிகண்டுகள் துணியின் பெயர்களை அடுக்கித் தந்தன. அதன் செய்முறையை நாம் அயலார் மடலிற் படிக்க நேர்ந்தது.

எழுதிய துணியொடு சிவப்பின் ஆட்சி நின்றுவிடவில்லை. சாயமிட்ட நூலைக் கட்டங்களாக நெய்த பழவேற்காட்டுக் கைக்குட்டைகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் சென்றன. மார்த்தினிக்கு, குவாதலூப்பு தீவுகளில் பெண்டிர் தலையிற் கட்டும் கட்டத்துணிக்கு ‘மத்ராசு’ என்பதே இன்றும் பெயர். ஒரு சதுரத் துணி ஊரின் பெயரைச் சுமந்து கடல் கடந்தது. அதற்குச் செம்மை தந்த செடியின் பெயர் அங்குச் சென்றிலது.

1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய வேதியலறிஞர் இருவர், மஞ்சிட்டியினத்து வேர்களின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு ஆக்கினர். சாயவேரிலிருப்பதும் அதுவே. ஆலைச்சாயம் மலிந்து வரவே, மணலில் வேர் அகழ்ந்தோரின் பிழைப்பு அற்றது. சாயவேர் என்னும் பெயரும் வழக்கிற் சுருங்கியது. சித்த மருத்துவர் இன்றும் அச்செடியைத் தேடுகின்றனர். அவர்கள் அதனை இம்பூறல் என்றே அழைத்து, இருமலிற் குருதி வருவோர்க்கு மருந்தாகத் தருகின்றனர்.