சாகித்ய அகாடமி விருது: 'பொன்னியின் செல்வ'னுக்கும் இல்லை, 'மோகமுள்'ளுக்கும் இல்லை... ஏன்?

டிசம்பர் வந்தா மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் கச்சேரி களைகட்டும். பெரும்பாலும் அதே மாதத்தில்தான் டெல்லியிலிருந்து இன்னொரு அறிவிப்பும் வரும். "இந்த வருஷம் சாகித்ய அகாடமி யாருக்கு?" என்ற கேள்விக்கான பதில் அது. கூடவே "இவருக்கு இப்பதான் கிடைக்குதா?" என்ற பேச்சும் கிளம்பிடும்.

என்ன விருது இது?

சாகித்ய அகாடமி 1954-ல் தொடங்கப்பட்டது. 1955 முதல் விருது தருகிறது. இப்போது 24 மொழிகளில், மொழிக்கு ஒரு புத்தகம். பரிசு ஒரு லட்சம் ரூபாய், கூடவே செப்புப் பட்டயம்.

தமிழில் முதல் விருது ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' கட்டுரை நூலுக்கு. ஆனால் மொத்தப் பட்டியலைப் பார்த்தால், பாதிக்கு மேல் நாவலும் சிறுகதையும்தான்.

எப்படித் தேர்வு செய்றாங்க?

இங்கேதான் விஷயமே இருக்கு. விருது எழுத்தாளரின் மொத்த எழுத்துக்கு இல்லை, ஒரு புத்தகத்துக்கு. அதுவும் குறிப்பிட்ட ஐந்து ஆண்டுகளில் முதல் பதிப்பு வந்திருக்கணும். உதாரணமா, 2023 விருதுக்கு 2017 முதல் 2021 வரை வந்த நூல்கள்தான் கணக்கு. இறுதி முடிவு மூன்று பேர் கொண்ட நடுவர் குழு கையில். ஒருவருக்கு ஒரு மொழியில் ஒரு முறைதான்.

அதாவது, ஒரு நல்ல நாவல் அதன் காலத்தில் தவறிப்போனா, பிறகு அதுக்கு வாய்ப்பே இல்லை.

தவறிய புத்தகங்கள்

தி.நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்த அசோகமித்திரன், 'தண்ணீர்', '18வது அட்சக்கோடு' நாவல்களை 1970-களிலேயே எழுதிவிட்டார். விருது வந்தது 1996-ல், 'அப்பாவின் சிநேகிதர்' சிறுகதைத் தொகுப்புக்கு. அப்போது அவருக்கு வயது 65.

'மோகமுள்' எழுதிய தி. ஜானகிராமனுக்கு 1979-ல் கிடைத்தது 'சக்தி வைத்தியம்' கதைகளுக்காக.

கல்கிக்கு 1956-ல் 'அலை ஓசை'. அவர் இறந்ததோ 1954 டிசம்பரில். கு. அழகிரிசாமி (1970), ஆதவன் (1987) இருவரும் விருதைப் பார்க்கவில்லை.

சரியான நேரத்தில் வந்தவை

• 1972: ஜெயகாந்தன் - சில நேரங்களில் சில மனிதர்கள்
• 1973: ராஜம் கிருஷ்ணன் - வேருக்கு நீர் (தமிழில் விருது பெற்ற முதல் பெண்)
• 1977: இந்திரா பார்த்தசாரதி - குருதிப்புனல் (கீழ்வெண்மணி படுகொலை பின்னணி)
• 1991: கி. ராஜநாராயணன் - கோபல்லபுரத்து மக்கள்

சமீபத்தில் யார்?

• 2018: எஸ். ராமகிருஷ்ணன் - சஞ்சாரம்
• 2019: சோ. தர்மன் - சூல்
• 2020: இமையம் - செல்லாத பணம்
• 2021: அம்பை - சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை
• 2022: மு. ராஜேந்திரன் - காலா பாணி
• 2023: தேவிபாரதி - நீர்வழிப் படூஉம்

2024-ல் கதைக்கு இல்லை. வ.உ.சி. பற்றிய ஆய்வு நூலுக்காக ஆ.இரா. வேங்கடாசலபதிக்குக் கிடைத்தது.

அப்போ இந்தப் பட்டியலை நம்பலாமா?

நம்பலாம், ஆனா இதோட நிறுத்திடாதீங்க. சுந்தர ராமசாமி, சுஜாதா பெயர்கள் இதில் இல்லவே இல்லை. அடையாறு பக்கம் போனா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் விருது வாங்கிய ஒரு புத்தகத்தைத் தேடி எடுங்க. பிடிச்சிருந்தா, அதே ஆசிரியரின் விருது வாங்காத புத்தகத்தையும் படிச்சுப் பாருங்க. அவரோட சிறந்த புத்தகம் அதுவாகக்கூட இருக்கலாம்.