கடற்படை இழுவைமடிக் கப்பல்

கடற்படை இழுவைமடிக் கப்பல் என்பது போர்க்காலத்தில் சுற்றுக்காவல், கண்ணிவெடி அகற்றல், நீர்மூழ்கி எதிர்ப்பு ஆகிய பணிகளுக்காக மாற்றியமைக்கப்பட்ட மீன்பிடிக் கப்பல் ஆகும். இரு உலகப் போர்களிலும் பிரித்தானியக் கடற்படை இவற்றைப் பெருமளவில் பயன்படுத்தியது. இலங்கைக் கடற்படையின் தொடக்ககாலக் கப்பல்களிலும் இவ்வகைக் கப்பல்கள் இருந்தன.

தோற்றம்

கடலில் மிதக்கவிடப்படும் கண்ணிவெடிகள், அடித்தரையில் கிடக்கும் எடையுடன் கம்பிவடத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். அவ்வடத்தை அறுத்தால் கண்ணி மேலே மிதந்து வரும். பின்னர் அதனைச் சுட்டு அழிக்கலாம். இதற்கு நீண்ட கம்பியைக் கடலுக்கடியில் இழுத்துச் செல்லவேண்டும். கனத்த மடியை இழுக்கும் ஆற்றலும், வடம் சுற்றும் பொறியும், கொந்தளிப்பைத் தாங்கும் உடலும் இழுவைமடிக் கப்பல்களில் முன்னரே இருந்தன. எனவே பிரித்தானியா 1910 இல் மீனவர்களையும் அவர்தம் கப்பல்களையும் கொண்ட தனிச் சேமப்பிரிவை உருவாக்கியது. முதல் உலகப் போரில் இரு கப்பல்கள் ஒரே கம்பியை இருபுறமும் பிடித்து இழுத்தன. பின்னர் ஒரே கப்பல் தனித்து இழுக்கும் முறை உருவானது. அது சோதிக்கப்பட்ட 'ஒரோப்பேசா' என்னும் இழுவைமடிக் கப்பலின் பெயராலேயே அம்முறை அழைக்கப்படுகின்றது.

மாற்றங்கள்

மீன் வைக்கும் அறைகள் மாலுமிகளின் தங்குமிடமாகவோ வெடிபொருட் கிடங்காகவோ மாற்றப்பட்டன. முன்தளத்தில் பீரங்கியும், பின்தளத்தில் நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளும் பொருத்தப்பட்டன. நீர்மூழ்கிகளை ஒலியலைகளால் கண்டறியும் கருவியும் பல கப்பல்களில் இருந்தது. ஆயினும் இவற்றின் வேகம் குறைவு.

இலங்கையில்

செருமனியின் 'வோல்ஃப்' கப்பல் 1917 இல் கொழும்புக்கு அருகே இட்ட கண்ணிகளால் 'ஊஸ்டர்சயர்', 'பெர்சியசு' ஆகிய வணிகக் கப்பல்கள் மூழ்கின. அவ்வாண்டிலேயே பம்பாய்க் கடற்பகுதியில் 'மங்கோலியா' என்ற பயணிகள் கப்பலும் மூழ்கியது. பகைக் கப்பல் கண்ணில் படாமலே துறைமுகத்தின் வழி அடைபடக்கூடும் என்பதை இந்நிகழ்வுகள் காட்டின.

1938 இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை, இரண்டாம் உலகப் போரில் முதலில் கொழும்புத் துறைமுகத்தைக் காத்தது. பின்னர் மாற்றியமைக்கப்பட்ட இழுவைமடிக் கப்பல்களையும் திமிங்கில வேட்டைக் கப்பல்களையும் இயக்கியது. இலங்கை அரசு வாங்கிய முதற்கப்பல் 'ஓவர்டேல் வைக்' ஆகும். 'ஒகாப்பி', 'செம்லா', 'சாம்பூர்' ஆகியவையும் இப்படையிடம் இருந்தன. 'ஹொக்சா', 'பால்ட்டா' ஆகிய இரண்டும் மாற்றியமைக்கப்பட்டவை அல்ல. இழுவைமடிக் கப்பலின் வடிவில் கடற்படைக்கென்றே கட்டப்பட்டவை. இப்படை 1943 இல் பிரித்தானியக் கடற்படையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.

போருக்குப் பின்

இக்கப்பல்களில் பயிற்சி பெற்ற தொண்டர் படையினரைக் கருவாகக் கொண்டு 1950 திசம்பர் 9 அன்று அரச இலங்கைக் கடற்படை நிறுவப்பட்டது. 1972 இல் இலங்கை குடியரசானபோது அது இலங்கைக் கடற்படை எனப் பெயர் மாற்றம் பெற்றது.