குழிப்பந்தாட்டக் கழகங்களும் மகளிர் உறுப்புரிமையும்

தமிழிலக்கியத்துள் பந்து பெரும்பாலும் மகளிர் கையதாகவே காணப்படுகிறது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் கந்துகவரி மகளிர் ஆட்டத்திற்குரியது. பெருங்கதையுள் மானனீகையின் பந்தாட்டத்தைக் கூறுதற்கென்றே ‘பந்தடி கண்டது’ என்னும் பகுதி அமைந்துள்ளது. ஆகலின், பந்தாட்டம் ஆடவர்க்கே உரித்து என்னும் எண்ணத்திற்கு நம் இலக்கிய மரபில் வேர் தேடுதல் வீண். கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் தாயகமாகிய ஸ்காத்லாந்திலும் அவ்வெண்ணம் ஆட்டத்தோடு உடன்பிறந்ததன்று. 1811ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிகழவிருந்த போட்டிக்கு மஸல்பரோக் கழகத்தார் மீன்விற்கும் மகளிர்க்கெனப் பரிசு அறிவித்தனர். செயிண்ட் ஆண்ட்ரூசு நகரில் 1867இல் மகளிர் கழகமே தோன்றிற்று.

அங்ஙனமாயின் மறுக்கப்பட்டது யாது? ஆட்டமன்று, உறுப்புரிமையே. கழகத்தின் உடைமையிற் பங்கு, விதி வகுக்கும் வாக்கு, ஆட்சிக்குழுவில் இடம் ஆகிய மூன்றும் உறுப்பினர்க்கே உரியன. மகளிரோ கணவர் பெயரால் நுழைவோராகவோ விருந்தினராகவோ பல கழகங்களில் நின்றனர். ‘விருந்து’ என்னும் சொற்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியர் கூறும் எண்வகை வனப்பினுள் ஒன்றாகிய விருந்தும் அப்பொருளதே. தலைமுறை பல கடந்தும் ஒருவரைப் புதியவராகவே வைத்திருத்தல் விருந்தோம்பலின்பாற் படாது.

பிரித்தானியத் தீவுகளுக்குப் புறத்தே முதல் குழிப்பந்தாட்டக் கழகம் 1829இல் கல்கத்தாவில் தோன்றியது. சென்னையில் ஜிம்கானாக் கழகம் கிண்டியிலும், இந்தியர்க்கென 1873இல் நிறுவப்பட்ட காஸ்மாபாலிட்டன் கழகம் நந்தனத்திலும் ஆடுகளம் கொண்டன. ஆவடியை அடுத்த சேக்காட்டிலிருந்து எழுதும் எமக்கு இவ்வாட்டம் செவிவழிச் செய்தியே. எனினும் உரிமை பற்றிய வினா களத்தின் வேலியோடு நிற்பதன்று.

1754இல் தோன்றிய செயிண்ட் ஆண்ட்ரூசின் ராயல் அண்ட் ஏன்ஷியண்ட் கழகம் 260 ஆண்டுகட்குப் பின், 2014 செப்டம்பர் 18இல், மகளிரை ஏற்க வாக்களித்தது. முயிர்ஃபீல்டில் 2016இல் நூற்றுக்கு 64 பேர் இசைந்தும், மூன்றில் இரு பங்கு எய்தாமையின் முயற்சி தோற்றது. ஓப்பன் போட்டி இனி ஆங்கு நடவாது என உடனே அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே நூற்றுக்கு எண்பதின்மர் இசைந்தனர். சட்டம் திறவாத கதவைப் போட்டி இழப்பு திறந்தது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமோ இருபாலாரையும் ஏற்ற கழகங்களையே சமனாக நடத்துமாறு கட்டுப்படுத்தியது. ஒரு பாலார்க்கே உரிய கழகத்தை அங்ஙனமே இருக்க விட்டது. சிறிது ஏற்றவரைக் கடிந்து, முற்றும் மறுத்தவரை விடுத்த விந்தை இது!

நம் அரசியலமைப்பின் 15(2)ஆம் உறுப்பு கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கையிடம் ஆகியவற்றைச் சுட்டுகிறது. தனியார் கழகங்களை வெளிப்படச் சுட்டவில்லை. சங்கம் அமைக்கும் உரிமையை 19ஆம் உறுப்பு காக்கிறது. 1907இல் தோன்றிய கல்கத்தாக் கழகம் மகளிர்க்கு உறுப்புரிமை நல்கியது 2007இலேதான்.

ஆயினும் தனியார் கழகத்தின் வாயிலைச் சட்டம் கடக்கவொண்ணாது என்பார்க்கு விடை தமிழகத்திலேயே உண்டு. 2014 சூலையில் உயர்நீதிமன்ற நடுவர் அரிபரந்தாமன் வேட்டி உடுத்தியமையால் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கழகத்துள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த திங்களே சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. வேட்டியோ பிற இந்திய மரபுடையோ உடுத்தாரைத் தடுக்கும் கழகத்தின் உரிமம் நீக்கப்படலாம். பொறுப்பாளர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை தண்டமும் உண்டு. ஒருவர் உடுத்து வரும் ஆடையைப் பற்றியே அச்சட்டம் பேசுகிறது. உள்ளே வந்தபின் அவர் உறுப்பினரா விருந்தினரா என்பதைப் பற்றிப் பேசவில்லை.