இம்யூனிட்டி

பெயர்ச்சொல், நோய்த் தடுப்பாற்றல். லத்தீனில் ‘மூனுஸ்’ என்பது குடிமகன் ஊருக்கும் அரசுக்கும் ஆற்றவேண்டிய கடமையைக் குறித்தது; அதனின்று விலக்குப் பெற்ற நிலையே ‘இம்யூனித்தாஸ்’. சோழர் சாசனங்களில் வரி நீங்கிய நிலத்தைச் சுட்டும் ‘இறையிலி’ இதனோடு பொருளால் நெருங்கியது.

எச்.ஐ.வி. கிருமி உடலிற் புகுந்தும், மருந்தின்றியே அதனைச் சாதாரணப் பரிசோதனைக்கு எட்டாத அளவுக்கு இரத்தத்தில் அடக்கிவைக்கும், நூற்றில் ஒருவருக்கும் குறைவான அபூர்வ மனிதரிடத்தில், ‘இம்யூனிட்டி’ என்னும் சொல் விலக்கு என்னும் பழம்பொருளைக் கடந்து காவல் என்னும் பொருளை எய்துகிறது. அவர்களுட் பலர் பிறப்பிலேயே பெற்ற எச்.எல்.ஏ. பி-57 என்னும் மரபணு வகை, கிருமி தன் வலிமை குன்றாமல் மாற்றிக்கொள்ளவியலாத புரதத் துணுக்குகளை வெளிக்காட்ட, சிடி-8 என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் அவற்றை அடையாளங்கண்டு தொற்றுண்ட அணுக்களை நாசம் செய்கின்றன. சிலருக்குப் பிறவிப் பாக்கியமாக வாய்த்த இக்காவலைத் தடுப்பூசியின் வாயிலாகச் சகலருக்கும் உரியதாக்குவதே விஞ்ஞானத்தின் உன்னத லட்சியமாகும்.