உறையை வெட்டாதீர்கள்

தபால் தலை சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் காரியம், உறையின் மூலையை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையை உரித்தெடுப்பது. போர்க்காலக் கடிதங்களுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. 1940களின் ஆறாம் ஜார்ஜ் அணாத் தலைகள் ஏராளமாக அச்சானவை. பழைய ஸ்டாம்ப் விற்பவரிடம் கைநிறைய வாங்கலாம். மதிப்பெல்லாம் முழு உறைக்குத்தான்.

தபால் இலாகாவில் சார்ட்டிங் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நத்தத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யாராவது 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று கைகாட்டினால் போய் விசாரித்துவிடுவேன். பரணில் டிரங்குப் பெட்டி இருக்கும். மேலே பத்திரம், ரசீது. அடியில் கடிதக் கட்டு.

அப்படிக் கிடைத்த ஓர் உறையைப் பாருங்கள். மெலிந்த பழுப்புத் தாள். அதில் தபால் தலையே இல்லை. அதனாலேயே பலர் இதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். தலைக்குப் பதிலாக 'ஆன் ஆக்டிவ் சர்வீஸ்' என்று பென்சில் எழுத்து. முகவரியில் 'நத்தம், மதுரை ஜில்லா'; திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தானே. இடது ஓரத்தில் சென்சார் முத்திரை, அதன் மேல் அதிகாரியின் கிறுக்கல் கையெழுத்து. வலப்பக்கம் வட்ட முத்திரை: எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்), ஓர் எண், 1943ஆம் வருஷத்துத் தேதி. ஊர்ப் பெயர் கிடையாது. எங்கே இருக்கிறோம் என்று சிப்பாய் எழுதக் கூடாது. எழுதினால் மையால் அடிப்பார்கள், அல்லது கத்தரித்து எடுத்துவிடுவார்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு மேல் பெற்றவளுக்கு ஒன்றும் தெரியாது.

எந்த எண்ணுள்ள களத் தபால் நிலையம் எந்தக் காலத்தில் எங்கே இயங்கியது என்று சேகரிப்பாளர்கள் பிற்பாடு பட்டியல் போட்டார்கள். அதில் தேடினால் இந்தக் கடிதம் எகிப்திலிருந்து வந்தது என்று தெரிகிறது. பின்பக்கம் நத்தம் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கிறது. இரண்டு தேதிகளையும் கழித்தால், அந்தத் தாய் எத்தனை நாள் பழைய சேதியைப் படித்தாள் என்பதும் தெரிந்துவிடும். எனக்கு எந்த அபூர்வத் தலையும் இதற்கு ஈடாகாது.

தலைகளிலும் போரின் தடம் உண்டு. 1900இல் சீனாவுக்குப் போன படைக்கு 'சி.இ.எஃப்.', 1914இல் கடல் கடந்த படைக்கு 'ஐ.இ.எஃப்.' என்று இந்தியத் தலைகளின் மேல் அச்சடித்தார்கள். 1942இல் ஜப்பானியர் பிடித்த பர்மாவில் தலைகளின் மேல் மயில் உருவம் ஏறியது. அதில் போலி மிகுதி. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் இயக்கத்துத் தலைகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பெர்லினில் அச்சாகி, தபாலில் ஒருநாளும் புழங்காதவை அவை. பெரும்பாலானவை லட்சக்கணக்கில் அச்சானதால் அபூர்வமும் அல்ல. அவர் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். முத்திரை விழுந்த உறையில் அதை ஒட்டி யாராவது நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கு நெருக்கமானவை மலேயாக் கடிதங்கள். மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து தோட்ட வேலைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் அங்கே போனவர்கள் ஏராளம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. இங்கிருந்து போன உறைகள் 'சேவை நிறுத்தம்' என்ற முத்திரையோடு அனுப்பியவருக்கே திரும்பின. பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம்தான் வழி; அதில் இருபத்தைந்து சொல்லுக்குள் குடும்பச் சேதி எல்லாம் அடங்க வேண்டும். திரும்பி வந்த உறைகளை ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்கள். அவை அந்த விலைக்குத் தகும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் கடிதத்தை உறையிலிருந்து பிரித்துத் தனியே வைக்காதீர்கள். எழுதியவர் யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று பெரியவர்களைக் கேட்டு, தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.