எய்ஷிஷோக்கின் முகங்கள்

பத்திரிகைத் தொழிலில் நான் செய்த வேலைகளுள் மிகக் கடினமானது எதுவெனக் கேட்டால், மரணம் நிகழ்ந்த வீட்டுக்குச் சென்று இறந்தவரின் படத்தைக் கேட்பதுதான் என்பேன். அலுமாரியைத் திறந்து தேடி, அடையாள அட்டைக்காக எடுத்த படத்தையோ, கலியாண வீட்டுப் படமொன்றையோ கொண்டுவந்து தருவார்கள். "கவனமாகத் திருப்பித் தந்துவிடுங்கள், இது ஒன்றுதான் இருக்கிறது" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஒரு படத்துக்கே இத்தனை பாரமென்றால், அழிந்துபோன ஓர் ஊர் முழுவதற்கும் படம் தேடிய பேராசிரியர் யாஃபா எலியாக் எவ்வளவு சுமந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

லித்துவேனியாவின் தென்கிழக்கில், பெலாரஸ் எல்லைக்கு அண்மையில் உள்ளது எய்ஷிஷோக். யூதர்கள் தமது இத்திஷ் மொழியில் வழங்கிய பெயர் இது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இது போலந்தின் ஆட்சிக்குள் இருந்தது. தலைமுறை தலைமுறையாக யூதர்கள் வாழ்ந்த இச்சிற்றூரை 1941 ஜூனில் ஜேர்மன் படைகள் கைப்பற்றின. அதே ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், எய்ஷிஷோக் யூதர்களும் அயலூர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் ஊருக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டனர். முதல் நாள் ஆண்கள். மறுநாள் பெண்களும் குழந்தைகளும்.

இக்கொலைகளுக்குக் கொலையாளிகளே கணக்கு எழுதி வைத்தார்கள். லித்துவேனியாவில் இயங்கிய நாஸிக் கொலைப்படைப் பிரிவின் தலைவன் கார்ல் யேகர் 1941 டிசெம்பர் 1 ஆம் திகதியிட்டு அனுப்பிய அறிக்கையில், ஊர் ஊராக எண்ணிக்கைகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. எய்ஷிஷோக்குக்கு நேரே ஆண்கள் 989, பெண்கள் 1,636, குழந்தைகள் 821, மொத்தம் 3,446 என்றிருக்கிறது. பெயர்கள் இல்லை.

யாஃபா எலியாக் இவ்வூரில் பிறந்தவர். படுகொலை நடந்தபோது சிறுமி. குடும்பத்தினருடன் தப்பி மறைவிடங்களில் வாழ்ந்தார். 1944 இல் ஜேர்மனியர் விரட்டப்பட்ட பின் ஊர் திரும்பிய அக்குடும்பத்தை மீண்டும் துயரம் தாக்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில் போலந்து ஆயுதக் குழுவொன்றின் தாக்குதலில் அவருடைய தாயும் கைக்குழந்தையான தம்பியும் கொல்லப்பட்டனர். அத்தாக்குதலின் இலக்கு யூதர்களா, அங்கிருந்த சோவியத் படையினரா என்பது பற்றிப் பின்னாளில் கடும் சர்ச்சை எழுந்தது.

பின்னர் அமெரிக்காவில் குடியேறிய யாஃபா, புரூக்ளின் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியரானார். யூத இன அழிப்புக்கு நினைவகம் அமைப்பது பற்றி ஆராய ஜனாதிபதி கார்ட்டர் 1978 இல் நியமித்த ஆணைக்குழுவுடன், 1979 இல் கிழக்கைரோப்பாவுக்குச் சென்றார். வதைமுகாம்களின் எச்சங்களைக் கண்டபோது அவருக்கு ஒரு கவலை பிறந்தது. பிணக்குவியல்களின் படங்களை மட்டும் வைத்தால், வருங்காலத்தவர் அம்மக்களைப் பிணங்களாகவே அறிவார்கள். அவர்கள் வாழ்ந்தவர்கள் என்பதை யார் காட்டுவது? தமது ஊரின் வாழ்வைப் படங்களில் மீட்பது என்று அவர் முடிவு செய்தார்.

அதற்கு ஓர் ஆதாரம் அவரது குடும்பத்திலேயே இருந்தது. பாட்டனார் இட்ஸக் ஊரி காட்ஸும் பாட்டியார் ஆல்ட்டே காட்ஸும் ஊரின் புகைப்படக்காரர்கள். திருமணம், பள்ளிக்கூடம், உல்லாசப் பயணம், பிறந்த குழந்தை என ஊர் வாழ்வு முழுவதும் அவர்களின் கமராவுக்குள் வந்திருந்தது. 1941 செப்டெம்பரில் கொல்லப்பட்டவர்களுள் ஆல்ட்டேயும் ஒருவர்.

அப்படங்களின் பிரதிகள் எங்கே இருந்தன? ஊரில் இருந்தவை பெரும்பாலும் உரியவர்களோடு அழிந்தன. ஊரைவிட்டுப் போனவையே தப்பின. அமெரிக்காவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் புலம்பெயர்ந்த உறவினருக்குக் கடிதங்களோடும் புத்தாண்டு வாழ்த்துகளோடும் படம் அனுப்புவது அவர்களின் வழக்கம். அந்தத் தபால்களின் தடம் பற்றியே யாஃபா நாடு நாடாகச் சென்றார். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், யாருக்கு என்ன உறவு, என்ன தொழில் செய்தார், எப்படி முடிந்தார் என்று விசாரித்து எழுதினார். பதினேழு ஆண்டு உழைப்பில் சேர்ந்தவை ஏறத்தாழ 6,000 படங்கள்.

அவற்றுள் ஆயிரம் அளவிலானவை, 1993 ஏப்ரலில் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அமெரிக்க யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. மூன்று மாடி உயரச் சுவர்களில் படங்கள் நிறைந்த அப்பகுதியே 'முகங்களின் கோபுரம்'. சைக்கிளோடு நிற்கும் இளைஞன், மணமக்கள், பாட்டியின் மடியில் பேரன் எனச் சாதாரண மனிதர்களே அதில் இருக்கிறார்கள். பார்வையாளர் அதனூடாக இரு தளங்களில் கடந்து செல்கிறார். கீழ்த் தளத்தில்தான் அவ்வூர் யூதர்கள் இரண்டே நாளில் அழிக்கப்பட்ட செய்தியை அறிகிறார்.

யூத இன அழிப்பின் புகழ்பெற்ற படங்கள் பல கொலையாளிகளின் கமராவால் எடுக்கப்பட்டவை. 1944 இல் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு ஹங்கேரி யூதர்கள் வந்திறங்கும் காட்சிகளைக் கொண்ட அல்பம் நாஸிப் படையினர் தயாரித்ததே. போர் முடியும் வேளையில் வேறொரு முகாமில் அதைத் தற்செயலாகக் கண்டெடுத்த லிலி ஜேக்கப் என்ற பெண், அப்பக்கங்களில் தன் சொந்தச் சகோதரர்களையே கண்டார். 1964 இல் பிராங்பேர்ட் வழக்கில் அதனை வைத்துச் சாட்சியமளித்தார். 1980 இல் ஜெரூசலேமின் யாட் வஷேம் நினைவகத்துக்கு வழங்கினார்.

குற்றத்தை நிறுவ அத்தகைய படங்கள் வேண்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் அவற்றில் அம்மனிதர்கள் கொலைகாரன் பார்த்த விதமாகவே நிற்கிறார்கள். ஆல்ட்டேயின் கமராவுக்கு முன்னால் நின்றவர்களோ தாமாக விரும்பி, நல்ல உடை உடுத்தி, தமக்குத் தெரிந்த ஒருவரைப் பார்த்து நின்றவர்கள். பத்திரிகைக்காரனாக நான் சேகரித்து அச்சிட்ட படங்களில் பெரும்பாலானவை எந்த வகையைச் சேர்ந்தவை என எண்ணும்போது எனக்கு நிம்மதி ஏற்படவில்லை.

யாஃபா எலியாக் 2016 இல் காலமானார். யேகரின் அறிக்கை இன்றும் இருக்கிறது. அதிலுள்ள 821 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்த குழந்தைகள் சிலரின் முகங்களை இன்று நாம் பார்க்கலாம்.