நீலக்கல்லும் கழுமரமும்

கண்டி மாநகரில் தலதா மாளிகையை நோக்கிச் செல்லும் தெருக்களில் இரத்தினக் கடைகள் உள்ளன. கண்ணாடிப் பேழைகளுள் வெண்பட்டின்மீது நீலக்கற்கள் மின்னுகின்றன. பள்ளி விட்டு வீடு திரும்பும் நம் மாணவர் சிலர் அங்கே நின்று பார்ப்பதுண்டு. அவர்களுள் ஒருவன், ஒரு சிறு கல்லுக்கு இத்தனை விலை எவ்வாறு வந்தது என்று ஒருநாள் நம்மிடம் கேட்டான். இரசாயன ஆசிரியரிடம் கேட்டிருந்தால் விடை சுருக்கமாக முடிந்திருக்கும். நம்மிடம் கேட்டதால் வரலாற்றைப் புரட்ட வேண்டியதாயிற்று.

இரசாயனத்தின் விடையையும் ஒதுக்கிவிடுதல் முறையன்று. அலுமினியமும் ஒட்சிசனும் கூடிய பளிங்கே நீலக்கல். தூய நிலையில் அதற்கு நிறமில்லை. இரும்பும் தைத்தானியமும் மிகச் சிறு அளவில் கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் அதுவே மாணிக்கம். இவ்வினத்துக்கு மேல்நாட்டார் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர் குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்து சென்றதே. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதிய காலத்தில், நிலத்தின் ஆழத்தே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளில் அது விளைந்தது. கண்டி மலைகளும் அத்தகைய பாறைகளே. மழையும் ஆறும் அவற்றை அரித்துச் செல்ல, வைரத்துக்கு அடுத்த கடினமுடைய இக்கல் பள்ளத்தாக்குகளில் தங்கிற்று. மாத்தளைக்கு அப்பால் அம்பன் கங்கையை அடுத்த எலஹெரவிலும், தெற்கே இரத்தினபுரி வயல்களின் அடியிலும் அச்சரளைப் படை கிடக்கின்றது. சிங்களத் தொழிலாளர் அதனை 'இல்லம்' என்பர். நம் செவிக்கு அது வீடு!

அந்த இல்லம் யாருக்கு உரியது? 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1681இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விடை தருகின்றான். இரத்தினம் இருப்பதாக அறியப்பட்ட இடங்களில் கூரிய கழிகள் நடப்பட்டிருந்தனவாம். அவ்வழியே செல்லத் துணிபவன் அக்கழியிலேயே கழுவேற்றப்படுவான் என்பது அதன் பொருள். மன்னனிடம் போதிய கற்கள் இருந்தமையால் மேலும் தேடுவதில் அவனுக்கு நாட்டமில்லை என்றும் நொக்ஸ் எழுதுகின்றான். வேண்டியவன் எடுக்கவில்லை என்றால் வேண்டாதவன் தடுக்கலாம் என்பது அரசநீதி போலும்! கல்லின் அருமையை இயற்கை மட்டும் படைக்கவில்லை, கழுமரமும் படைத்தது.

1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். நாயக்கர் மரபின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். அவனுடைய அணிகலன்கள் 1820இல் இலண்டனில் ஏலம் போயின. அரியணை 1934இல் திரும்பி வந்தது. ஏலம் போன மணிகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் எட்டே ஆண்டுகளில், 1840இல், உரித்துக் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று சட்டம் வந்தது. அம்மலைகளில் கோப்பியும் தேயிலையும் நட நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கதையை இவ்விதழின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, விலையின் மற்றொரு விந்தையைக் காண்போம். இச்சரளையில் பால்போல் மங்கிய ஒருவகைக் கல் மிகுதியாகக் கிடைக்கும். 'கெவுட' என்பது அதன் பெயர். நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அதனை மலிவாக வாங்கிச் சென்று கடும் உலைத் தீயில் வாட்டினர். கல்லுள் கிடந்த தைத்தானிய இழைகள் கரைந்து, மங்கல் அகன்று, ஆழ்ந்த நீலம் பிறந்தது! தோண்டியவன் கையில் கூழாங்கல்லாக இருந்தது, அறிவு படைத்தவன் கையில் மணியாயிற்று. இலங்கை அரசு இரத்தினக் கூட்டுத்தாபனத்தை நிறுவியதும் அப்பத்தாண்டின் தொடக்கத்திலேதான், 1971இல். எனினும் உலையின் நுட்பம் முதலில் பழுத்தது அயல்நாட்டில். பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்துக்கு இதனினும் கூரிய எடுத்துக்காட்டு ஏது?

தோண்டுவோர் நிலைமையைச் சற்றே நோக்குவோம். குழியின் சுவர் சரியாதபடி மரக்கம்புகளும் காட்டுத் தழைகளும் செருகப்படுகின்றன. ஊறும் நீரை இறைத்தபடியே சரளையை மேலே அனுப்புகின்றனர். பின்னர் இடுப்பளவு நீரில் நின்று கூடையைச் சுழற்றுகின்றனர். கனமான கல் அடியில் தங்க, மணல் வழிந்தோடும். நிலக்காரர், உரிமப்பத்திரம் உடையவர், நீரிறைக்கும் இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஆகியோர் பங்கு போக எஞ்சியதே குழியிலிறங்கியோர் பங்கு. மூடப்படாத குழிகளில் நீர் தேங்கிற்று, நுளம்பு பெருகிற்று. 1980களில் எலஹெரப் பகுதியில் மலேரியா பரவியதற்கு இக்குழிகளும் காரணமாயின. இலங்கையில் மலேரியா ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல்.

1926இல் பெல்மதுளையில் ஒரு நெல்வயலிலிருந்து 392 கரட்டுக்கும் மேற்பட்ட நீலம் ஒன்று எடுக்கப்பட்டது. 'ஆசியாவின் நீல அழகி' என்று பெயர் பெற்ற அக்கல், 2014இல் ஜெனீவாவில் 1 கோடியே 70 இலட்சம் டொலருக்கு மேல் விலை போயிற்று. கேள்வி கேட்ட மாணவனிடம் இதனைச் சொன்னோம். அவன் சற்று நேரம் கணக்குப் போட்டுவிட்டு, வயலில் அதனை எடுத்தவரின் பெயர் என்ன என்று கேட்டான். நாம் படித்த குறிப்பு எதிலும் அப்பெயர் இல்லை.